பீங்கான் ஆலையில் கழிந்த எங்கள் அண்ணையின் காலம்

எங்கள் அண்ணை கண்மூடி இன்றுடன் ஓராண்டு நிறைகிறது. டென்மார்க்கில் தமிழ் அச்சகம் எதுவும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. ஆகவே இம்மலரைக் கையால் எழுதிப் பிரதி எடுத்து உங்களிடம் தருகிறேன். எழுத்துப் பிழைகளைப் பொறுத்தருளுங்கள்.

அண்ணை கொக்குவிலில் எங்கள் பெற்றோரின் மூத்த மகனாகப் பிறந்தார். நான் அவருக்குப் பன்னிரண்டு வயது இளையவள். இடையில் பிறந்த இருவரும் தங்கவில்லை. கணக்கியல் படிக்க லண்டனுக்குக் கப்பலேறியபோது அவருக்கு இருபத்திரண்டு வயது. மறு ஆண்டே எங்களைப் பெற்ற ஐயா காலமானார். அண்ணை படிப்பை நிறுத்திவிட்டு வேலை தேடி அலைந்தார். கடைசியில் இங்கிலாந்தின் ஸ்டோக் நகரில் ஒரு பீங்கான் ஆலை அவரைச் சேர்த்துக்கொண்டது.

அது ஒரு குடும்பத்தின் ஆலை. பாட்டனார் கால்வாய்க் கரையில் ஒற்றைச் சூளையோடு தொடங்கியது. மகன் காலத்தில் கப்பல்களுக்கும் ஹோட்டல்களுக்கும் தேநீர்க் கோப்பைகள் செய்து பெயர் எடுத்தது. அண்ணை சேர்ந்தபோது பேரன்மார் இருவர் நடத்திக்கொண்டிருந்தார்கள். மூத்தவர் அலுவலகத்தைப் பார்த்தார். இளையவர் தொழிலாளரோடு ஒரே வாங்குப் பலகையில் இருந்து வேலை செய்தார். அண்ணை தம் கடிதங்களில் அவர்களைப் பெரியவர், சின்னவர் என்றே எழுதுவார். "இந்த நாட்டில் என் பெயரைச் சரியாகச் சொல்லப் பழகிய முதல் ஆட்கள்" என்று ஒருமுறை எழுதியிருந்தார்.

உலர்ந்த கோப்பைகளின் விளிம்பைச் சூளைக்குப் போகுமுன் தேய்த்துச் சீராக்குவது அண்ணையின் வேலை. மாவு போன்ற வெள்ளைத் தூசி நாள் முழுவதும் பறக்குமாம். ஆண்டுகள் ஓடின. அம்மாவின் இறுதிக் கிரியைக்கு அவரால் வர முடியவில்லை. கலியாணப் பேச்சுகளையும் தள்ளிக்கொண்டே போனார்.

பிறகு வெளிநாடுகளிலிருந்து மலிவான பீங்கான் வந்து குவிந்தது. பெரியவரின் பிள்ளைகள் தொழிலை விரும்பவில்லை. ஆலையை வாங்கிய ஒரு கம்பனி அதன் பெயரையும் சித்திர மாதிரிகளையும் மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரே வருடத்தில் கதவைப் பூட்டியது. அந்த நேரம் நான் கணவரோடும் மகளோடும் அகதியாக டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகருக்கு வந்து சேர்ந்திருந்தேன். "இனி உன்னோடு இருக்கலாம்" என்று அண்ணை எழுதினார்.

எஸ்பியர்க் துறைமுகத்தில் இருபத்துநான்கு வருடங்களுக்குப் பிறகு அவரைக் கண்டேன். கப்பல் படியில் மூன்று தரம் நின்று நின்று இறங்கினார்.

"என்ன அண்ணை இது, இப்பிடி மூச்சு இளைக்குது?"

"குளிர் பிள்ளை. வேற ஒண்டுமில்லை."

குளிர் இல்லை. ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், "சுரங்கத்தில் வேலை செய்தவரா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். "இல்லை, தேநீர்க் கோப்பை செய்யும் இடத்தில்" என்றார் அண்ணை. அந்தத் தூசி நுரையீரலைக் கல்லாக்கியிருந்தது. அவருக்கு அது முன்பே தெரியும். எனக்குத்தான் மறைத்திருந்தார்.

எனக்குக் கோபம் அடங்கவில்லை. "அந்த முதலாளிக்கு எழுதுவம் அண்ணை. உங்களை இப்பிடி ஆக்கினவை அவையள்தானே?"

"என்னத்தை எழுதிறது? சின்னவரும் எனக்குப் பக்கத்திலை இருந்து இதே தூசியைத்தான் குடிச்சவர். இதாலைதான் செத்தவர். அவரைப் புதைச்ச பிறகுதான் பெரியவர் தூசி இழுக்கிற மெசின் வாங்கிப் பூட்டினவர். எனக்கு அது பிந்திப் போச்சு. குறை சொல்லாதை பிள்ளை."

ஐந்து மாதங்கள்தான் எங்களோடு இருந்தார். கடைசி நாள் காலையில் நான் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே இருந்தேன். "டெனிஷ் வகுப்பைத் தவற விடாதை, போட்டு வா" என்றார். போனேன். திரும்பி வந்தபோது ஒரு தாதி அவர் கையைப் பிடித்தபடி இருந்தார். தாதி சொன்ன சொல் எனக்கு விளங்கவில்லை. முகம் விளங்கியது. அந்த வகுப்பில் என்ன படித்தேன் என்று இன்றுவரை நினைவில்லை.

தந்தி கொடுத்திருந்தோம். தகனத்துக்குப் பெரியவர் கைத்தடியோடு கடல் கடந்து வந்தார். எல்லாம் முடிந்தபின் என்னிடம் வந்து, "எங்களைப் பற்றி அவர் ஏதும் சொன்னாரா?" என்று கேட்டார். "எனக்கு இங்கிலிஷ் தெரியாது" என்றேன். தெரியும். அவர் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். பிடிவாதத்தால் ஒரு முதியவரை வெறுங்கையோடு அனுப்பினேன். அண்ணை அப்படிச் செய்திருக்க மாட்டார்.

அண்ணையைச் சொந்தச் சகோதரனைப் போலப் பராமரித்த தாதிமாருக்கும், காரில் ஏற்றி இறக்கிய கீழ்வீட்டு டெனிஷ் தம்பதியினருக்கும், ஓகூஸ் நகரிலிருந்து வந்து தேவாரம் பாடிய நண்பர்களுக்கும், எங்களுக்காகச் சமைத்த மன்னார்ச் சகோதரிகளுக்கும் எங்கள் நன்றி என்றும் உரியது.

இம்மலரின் ஒரு பிரதியைப் பெரியவருக்கும் அனுப்புகிறேன். எனக்கு ஆங்கிலம் எழுதச் சரியாக வராது; ஆகவே இனி வரும் வரிகளை மட்டும் கணவர் ஆங்கிலத்தில் எழுதி இணைக்கிறார்: ஐயா, நீங்கள் கேட்டதற்குப் பதில். அண்ணை உங்களைக் குறை சொல்லவில்லை. நான் குறை சொல்கிறேன். இரண்டும் உண்மை என்று நீங்கள் அறிய வேண்டும்.

தங்கை
ஹோர்சன்ஸ்