யோசேப்பைக் கிணற்றில் விட்டுவிட்டு மதுரைக்குப் போனேன்

ஊழியத்துக்கு வந்திருக்கிற இளைய சகோதரிகளுக்காக என் அனுபவம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று கேட்டார்கள். மேடையில் ஏறிச் சொல்ல வேண்டுமோ என்று பயந்துவிட்டேன். எழுதித் தந்தால் போதும் என்றார்கள். அதனால்தான் இது.

1. பேச்சியம்மாள் கேட்டது

எழுபதுகளின் கடைசியில் நான் உசிலம்பட்டி பக்கத்துக் கிராமங்களில் பைபிள் உமனாக இருந்தேன். ஊர்க்காரர்கள் வேதக்காரம்மா என்பார்கள். படிப்பு ஐந்தாம் வகுப்பு. கணவர் இறந்த பிறகு எங்கள் வட்டாரச் சபைகளைக் கவனித்த சேகரத்துப் போதகர் இந்த வேலையைக் கொடுத்தார். வீடு வீடாகப் போய் வேதக் கதை சொல்ல வேண்டும், ஜெபிக்க வேண்டும், கேட்கிறவர்களுக்கு எழுத்து சொல்லித் தர வேண்டும்.

எனக்குக் கூச்சம் அதிகம். பஸ்ஸில் டிக்கெட் கேட்பதற்குக்கூட நாக்கு எழும்பாது. ஆனால் இந்த வேலை எனக்குப் பொருந்திப்போனது. ஏனென்றால் யாரும் என்னை உட்கார்ந்து பார்க்க மாட்டார்கள். பெண்கள் பருத்தி எடுத்துக்கொண்டோ மொச்சை உரித்துக்கொண்டோ இருப்பார்கள். நானும் முறத்தில் கைவைத்து உரிப்பேன். எல்லாருடைய கண்ணும் முறத்தில் இருக்கும். கதை அதுபாட்டுக்கு நடக்கும்.

என் கதைக்கு விடாமல் வருகிறவள் பேச்சியம்மாள். ஆடு வளர்ப்பவள், என்னைவிட மூத்தவள். கதையில் யாராவது தப்பு செய்தால் அவனை அந்த இடத்திலேயே திட்டுவாள். அப்போது யோசேப்பின் கதையை வாரம் ஒரு பகுதியாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். வேதத்தில் குழி என்றிருக்கும். எங்கள் பக்கம் தண்ணீர் வற்றிய கிணறு என்றால்தான் உடனே புரியும். அண்ணன்மார் சேர்ந்து யோசேப்பை அந்தக் கிணற்றில் போட்ட இடத்தில் அன்றைக்கு நிறுத்தினேன். நிறுத்திவிட்டு, மதுரையில் ஒரு மாதக் கோர்ஸுக்குப் போகிறேன், அதுவரை வர முடியாது என்றேன்.

"அடியாத்தி, அந்தப் பயலைக் கெணத்துல போட்டுட்டு நீ மதுரைக்குப் போறியாக்கும்?" என்றாள் பேச்சியம்மாள்.

"வந்து சொல்றேன்."

"வருவியா?"

வருவேனா என்பது என் கையில் இல்லை. விஷயம் அப்படி இருந்தது. சபையை நடத்த உபதேசியார் இல்லாத கிராமங்களில் ஞாயிறு ஆராதனையை இனி பைபிள் உமனே நடத்த வேண்டும் என்று மேலே முடிவு செய்திருந்தார்கள். அதற்காகத்தான் இந்த ரெஃப்ரெஷர் கோர்ஸ். கோர்ஸில் ஒவ்வொருவரும் ஒருநாள் எல்லார் முன்னாலும் நின்று ஒரு பிரசங்கம் செய்ய வேண்டும். செய்ய முடியாதவர்களை கிராமத்துக்கு அனுப்ப மாட்டார்கள். டவுனில் பள்ளிப் பிள்ளைகள் தங்கும் போர்டிங்கில் சமையலுக்கு உதவியாகப் போட்டுவிடுவார்கள். சமையல் கெட்ட வேலை இல்லை. ஆனால் என் கிராமங்கள் போய்விடும்.

"வாரேன்" என்றேன். பேச்சியம்மாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஆட்டுக்குக் குழை ஒடிக்கப் போனாள்.

2. மூன்று பாயிண்ட்

மதுரையில் மிஷன் காம்பவுண்டு ஒன்றில் வகுப்பு. காலையில் பழைய ஏற்பாடு, பிறகு சபைச் சரித்திரம், மதியம் பிரசங்கம் தயாரிப்பது எப்படி என்ற பாடம். சொல்லிக் கொடுத்தவர் ஒரு போதகர். ஐயா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். நெட்டையானவர், கோபப்பட மாட்டார், ஆனால் விடவும் மாட்டார். முன்னுரை, மூன்று பாயிண்ட், முடிவுரை என்று கரும்பலகையில் எழுதுவார்.

"பாயிண்ட் இல்லாத பிரசங்கம் முடிச்சு போடாத மூட்டை. தலையில தூக்குனா வழியெல்லாம் கொட்டிரும்" என்பார்.

வந்தவர்களில் பெரும்பாலும் உபதேசியார்கள். பெண்கள் சிலரே. எனக்குத் துணை அன்னாள் அக்கா. திருப்பரங்குன்றம் பக்கத்தில் வேலை செய்த பைபிள் உமன், வாய்க்குப் பயப்படாதவர். ஆண்களில் பேர்போனவர் வாடிப்பட்டி பக்கத்து உபதேசியார் மோசே. சந்தையில் நின்று பிரசங்கம் செய்து செய்து, குடிக்கத் தண்ணீர் கேட்டால்கூட நாலு தெருவுக்குக் கேட்கும்.

ஒருவர் பிரசங்கம் முடித்தவுடன் மற்றவர்கள் குறை சொல்ல வேண்டும். அது ஒரு வகுப்பு. விமர்சன வகுப்பு என்று பெயர். கையை எங்கே வைத்தார், சபையைப் பார்த்துப் பேசினாரா, நேரத்துக்குள் முடித்தாரா என்று ஒவ்வொன்றாகச் சொல்வார்கள். மோசே அண்ணன் பேசிய அன்றைக்கு அன்னாள் அக்கா எழுந்து, "பிரசங்கம் நல்லா இருந்துச்சு. ஆண்டவருக்குக் காது கேக்கும்னு அண்ணனுக்கு யாராச்சும் சொன்னாத் தேவல" என்றார். மோசே அண்ணனே முதலில் சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. அந்த இடத்தில் நான் நிற்பதை நினைத்தாலே சோறு இறங்கவில்லை. அன்னாள் அக்கா என் தட்டைப் பார்த்து, "போர்டிங் சமையலுக்குப் போறவ நீயே திங்காட்டி எப்படி?" என்றார். தைரியம் கொடுக்கத்தான் அப்படிச் சொன்னார். எனக்கு அழுகைதான் வந்தது.

3. முடியாத ஜெபம்

என் முறை வந்தது. யோசேப்பின் கதையையே எடுத்திருந்தேன். மூன்று பாயிண்டும் மனப்பாடம். பிரசங்க பீடத்தில் வேதாகமத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தேன். வரிசையாகக் கண்கள். முறம் இல்லை, மொச்சை இல்லை, கை எங்கே போவது என்று தெரியவில்லை. முதல் பாயிண்ட் போன இடம் தெரியவில்லை.

பிரசங்கத்துக்கு முன்னால் சின்ன ஜெபம் செய்வது வழக்கம். ரெண்டு வாக்கியம் போதும். "ஜெபிப்போம்" என்றேன். எல்லாரும் தலை குனிந்து கண்ணை மூடினார்கள். நானும் மூடினேன். மூடினதும் மூச்சு வந்தது.

ஆண்டவரே, இந்த வேளைக்காக ஸ்தோத்திரம் என்று ஆரம்பித்தேன். ஆமென் சொன்னால் கண்ணைத் திறக்க வேண்டும். அந்தப் பயத்தில் ஆமென் வரவில்லை. ஆண்டவரே, அந்தப் பையன் யோசேப்பை நீர் அறிவீர் என்றேன். அவனுடைய அப்பா அவனுக்குப் பலவருண அங்கி கொடுத்தாரே, அண்ணன்மாருக்குப் பொறுக்கவில்லையே என்றேன். அவ்வளவுதான், முழுக் கதையையும் ஆண்டவருக்கே சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.

நடுவில் மோசே அண்ணன், முடியப்போகிறது என்று நினைத்து, பெரிய குரலில் "ஆமென்" என்றார். நான் மேலே சொல்லிக்கொண்டே போனேன். கொஞ்சம் கழித்து இன்னொருவர் "ஆமென்" என்றார். அதற்கும் நான் நிற்கவில்லை. ஜெபத்தை யாரும் குறுக்கே நிறுத்தக் கூடாது, கண்ணையும் திறக்கக் கூடாது. அதனால் அத்தனை பேரும் கழுத்து வலிக்கக் குனிந்தே இருந்தார்கள். மூன்று பாயிண்டும் ஜெபத்துக்குள்ளேயே வந்துபோயின. கடைசியில் சொல்ல ஒன்றும் மிச்சமில்லாமல் ஆமென் சொல்லிவிட்டு, வேதாகமத்தை எடுத்துக்கொண்டு பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

ஐயா கழுத்தைத் தடவிக்கொண்டார்.

"விமர்சனம் சொல்லுங்க" என்றார்.

மோசே அண்ணன் எழுந்தார். "எதைச் சொல்றது ஐயா? சபையைப் பாத்துப் பேசுனாகளான்னு கேட்டா, நாங்கதான் கண்ணை மூடியிருந்தோமே. கை எங்க இருந்துச்சு, அதுவும் தெரியாது. ஜெபத்துல குறை சொன்னா எனக்குல்ல பாவம்."

எல்லாரும் சிரித்தார்கள். ஐயாவும் சிரிப்பை அடக்கினார். பிறகு என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்.

"நல்ல ஜெபம்மா. அதுக்கு மார்க் போட எனக்கு அதிகாரம் இல்ல. ஆனா நீங்க இன்னும் பிரசங்கம் பண்ணல. நாளைக்குப் பண்ணுங்க. கண்ணைத் தொறந்துக்கிட்டு."

"முடியாட்டி ஐயா?" என்று கேட்டேன்.

"முடியாட்டி முடியலைன்னு நான் எழுதித்தாம்மா ஆகணும்."

4. குழாயடியில்

சாயங்காலம் துணி துவைக்கும் கல்லுக்கு அன்னாள் அக்கா வந்தார். நான் ஒரே சேலையைத் திரும்பத் திரும்ப அலசிக்கொண்டிருந்தேன்.

"சாயம் போயிரும்டி, விடு. கதை எதுல நிக்குது உங்க ஊர்ல?"

"கெணத்துல போட்டாச்சு."

"தூக்கலையா?"

"போய்த்தான் தூக்கணும்க்கா."

"அப்ப நீ போயித்தான் ஆகணும். சமையக்கட்டுல இருந்தா யாரு தூக்குவா அவனை?" என்று சொல்லிவிட்டு, என் கையிலிருந்த சேலையை வாங்கிப் பிழிந்து கொடியில் போட்டார்.

எனக்கு அது ஆறுதலாக இல்லை, சுமையாகத்தான் இருந்தது. ஆனால் அதுவரை என்னைப் பற்றியே பயந்துகொண்டிருந்தேன். அன்றைக்குப் படுத்தபோது பேச்சியம்மாள் முகம்தான் வந்தது.

5. மறுநாள்

மறுநாள் பீடத்தில் போய் நின்றேன். "ஜெபிப்போம்" என்று நான் வாயெடுப்பதற்குள் ஐயா கையைக் காட்டினார்.

"இன்னிக்கு ஜெபத்தை நான் பண்ணிர்றேன்மா" என்றார். வகுப்பு சிரித்தது. அவர் சுருக்கமாக ஜெபித்து ஆமென் சொன்னார். எல்லாரும் ஆமென் என்றார்கள்.

நான் கண்ணைத் திறந்தேன். வேறு ஒருவரும் திறக்கவில்லை. அத்தனை தலையும் குனிந்தபடியே இருந்தது. ஜெபம் இன்னும் இருக்கிறதோ என்று காத்துக்கொண்டு நின்றேன்.

ஐயா கண்ணை மூடியபடியே சொன்னார்: "ஆரம்பிங்கம்மா. மோசே காலையில வந்து ஒரு யோசனை சொன்னாரு. நேத்து நீங்க கண்ணை மூடிக்கிட்டீங்க. இன்னிக்கு நாங்க மூடிக்கிறோம்."

"நான் தூங்கிட்டா மட்டும் எழுப்பி விடு தங்கச்சி" என்றார் மோசே அண்ணன், அவரும் குனிந்தபடியே.

இப்படி ஒரு கூட்டத்தை நான் பார்த்ததில்லை. பார்த்துப் பேச எல்லாரும் இருந்தார்கள், என்னைப் பார்க்க ஒருவரும் இல்லை. உச்சந்தலைகளைப் பார்த்துப் பேச ஆரம்பித்தேன். அவுட்லைன் எல்லாம் மறந்துவிட்டது. எங்கள் ஊரில் சொல்வது போலவே சொன்னேன். பையன் அண்ணன்மாரைத் தேடி வந்தது, அங்கியைக் கழற்றியது, கிணற்றில் போட்டது. போட்டுவிட்டு அவர்கள் சாப்பிட உட்கார்ந்தார்கள் என்று வேதத்தில் இருக்கிறது. அந்த இடத்தில் வழக்கமாகக் கேட்பதுபோல் கேட்டுவிட்டேன்.

"கூடப் பொறந்தவன் உள்ள கெடந்து கத்துறான். மேல உக்காந்து சாப்பிடுறாக. எப்படித்தான் எறங்குச்சோ?"

"எறங்காது" என்றார் அன்னாள் அக்கா.

"இவங்களுக்கு எறங்குச்சே" என்றேன்.

"மூத்தவன் என்ன பண்ணுனான்?" என்று மோசே அண்ணன் கேட்டார். கதை தெரியாதவரா அவர்? ஆனாலும் கேட்டார். நான் பதில் சொல்லத் திரும்பியபோது அவர் கண் திறந்திருந்தது. பக்கத்தில் இருந்தவரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொருவராக எப்போது திறந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. ஐயா கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பீடத்தைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் யோசேப்பு இன்னும் கிணற்றுக்குள் இருந்தான். அவனை அப்படியே விட்டுவிட்டு நான் எப்படி உட்காருவது? கண்ணை மூடாமலேயே கதையை நடத்தினேன். வியாபாரிகள் ஒட்டகத்தோடு வந்தார்கள், அவனைத் தூக்கினார்கள், விற்றார்கள். "மிச்சம் அடுத்த வாரம்" என்று பழக்கத்தில் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

வகுப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. அவ்வளவு சிரிப்பு.

ஐயா விமர்சனத்தை அவரே சொன்னார். "முன்னுரை இல்ல. மூணு பாயிண்ட் இல்ல. முடிவுரை அடுத்த வாரம். ஞாயித்துக்கிழமை சபையில இப்படி விட்டா, கேட்டவன் எதை எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போவான்? அதைப் படிச்சே ஆகணும்மா நீங்க." பிறகு எழுதுகோலை எடுத்தார். "பாஸ் மார்க்குதான் போடுறேன். ஆனா பாஸ்."

வெளியே வந்து குழாயடியில் முகம் கழுவினேன். பயம் இல்லை. அன்று மதியம் சாம்பார் சாதம். இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டேன். பரிமாறிய அம்மா, "இம்புட்டுப் பசியை எங்கம்மா வச்சிருந்த?" என்றார். எதிர் வரிசையில் இருந்த மோசே அண்ணனிடம் நன்றி சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். வாய் வரவில்லை. அவரே, "ரெண்டு நாளா குனிஞ்சு கழுத்து சுளுக்கிக்கிச்சு தங்கச்சி, தைலம் இருந்தாக் குடு" என்றார். தைலத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நன்றி அதோடு போய்ச் சேர்ந்திருக்கும்.

6. நான் கற்றுக்கொண்டது

ஐயா சொன்னது சரி. பாயிண்ட் போட்டுத் தயாரிப்பதை அந்த மாதம் மீதி நாட்களில் படித்தேன். பின்னால் வந்த கோர்ஸ்களிலும் படித்தேன். ஞாயிறு ஆராதனைக்கு அது இல்லாமல் முடியாது. படிக்கக் கூப்பிட்டால் நீங்களும் போங்கள். ஐந்தாம் வகுப்புதானே என்று ஒதுங்காதீர்கள்.

கூச்சம் போன பிறகு பேசலாம் என்று காத்திருக்காதீர்கள். எனக்கு இன்று வரை போகவில்லை. உங்களுக்காகக் கிணற்றில் ஒருவன் காத்துக்கொண்டிருக்கிறான் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அவனைத் தூக்கும் வேலையில் கூச்சம் கொஞ்ச நேரம் தள்ளி நிற்கும். அதுபோதும். உங்களில் சொல்லிக் கொடுக்கிற இடத்தில் இருப்பவர்களுக்கும் ஒன்று. முன்னால் நிற்பவள் தவித்தால் கொஞ்சம் குனிந்து கண்ணை மூடிக்கொள்ளுங்கள். அவளே திறக்க வைப்பாள்.

கோர்ஸ் முடிந்து உசிலம்பட்டியில் டவுன் பஸ் ஏறி ஊருக்குப் போனேன். பேச்சியம்மாள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு எதிரே வந்தாள். சுகமா என்று கேட்கவில்லை.

"தூக்கியாச்சா?" என்றாள்.

"தூக்கியாச்சு."

"ஆத்தாடி" என்று மூச்சு விட்டாள். ஆடுகளை அப்படியே மேயவிட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தாள். "இப்பச் சொல்லு. யாரு தூக்குனது?"

பையைக் கீழே வைத்துவிட்டு நானும் உட்கார்ந்தேன்.