கை அசைந்தால் எரியும் விளக்கு

1. முதல் நாள்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, ஒரு மண்டபம் நிறைந்த பேச்சை நான் ஒரே விரலால் நிறுத்திவிட்டேன்.

ஒஸ்லோவில், காது கேளாத மாணவர்கள் படிக்கும் ஒரு கல்லூரியின் கன்டீன் அது. நான் சமையலறை உதவியாள். கன்டீன் பொறுப்பாளர் கிரேத்த என்ற நோர்வேஜியப் பெண். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அவர் என்னிடம், "நான் மேலை ஒருக்கால் போட்டு வாறன். ஆக்கள் எழும்பிப் போன பிறகு லைற்றை நிப்பாட்டு" என்றார். அவர் சொன்னது நோர்வேஜிய மொழியில். எனக்கு விளங்கியதை நான் என் தமிழில் எழுதுகிறேன். கையால் பேசியவர்களையும் இந்தக் குறிப்பில் என் தமிழிலேயே பேச விடுகிறேன்.

நான் பின்னால் நின்று பெரிய பானைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துக் காதைக் கொடுத்துக் கேட்டேன். ஒரு சத்தமும் இல்லை. குளிர்பெட்டியின் இரைச்சல் மட்டும்தான். எல்லோரும் போய்விட்டார்கள் என்று நினைத்து, எட்டியும் பார்க்காமல் சுவிட்சை அமத்தினேன்.

உடனே நிலம் அதிர்ந்தது. மரத்தரையை எத்தனையோ கால்கள் உதைத்தன. பயந்துபோய் மறுபடி விளக்கைப் போட்டேன். மண்டபம் நிறைய ஆட்கள். எல்லோருடைய கைகளும் நெஞ்சுக்கு நேரே அந்தரத்தில் நின்றன. பாதி வசனத்தில் நின்ற கைகள்.

படியிறங்கி வந்த கிரேத்த சிரித்தார். "நீ எல்லாற்றை வாயையும் ஒரேயடியாப் பொத்திப்போட்டாய்."

அன்றைக்கே அந்த மாணவர்கள் எனக்கு ஒரு பெயர் வைத்தார்கள். அவர்களிடத்தில் ஆளுக்கு ஒரு கைப்பெயர் உண்டு. அதை நாமே வைத்துக்கொள்ள முடியாது, அவர்கள்தான் தரவேண்டும். என்னுடைய பெயர், தலைக்கு மேலே விரித்த கையை மெல்லப் பொத்துவது. விளக்கை அணைப்பவள்.

"எனக்குப் பேர் கிடைக்க ரெண்டு வருசம் எடுத்தது. உனக்கு ஒரு நாளிலை" என்றார் கிரேத்த. அவருக்குக் கொஞ்சம் பொறாமைதான் என்று நினைக்கிறேன்.

2. பாட்ஸ்பியோர்டில் பழகிய கை

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். கதைப்பதற்குக் கூச்சம். தொலைபேசி அடித்தால் மற்றவர் எடுக்கட்டும் என்று அடுப்படிக்குள் போய்விடுவேன். ஆனால் கையால் கதைப்பது எனக்குப் புதிதில்லை.

ஒஸ்லோவுக்கு வருமுன் வடக்கே பாட்ஸ்பியோர்ட் என்ற மீன்பிடி ஊரில் வேலை செய்தேன். மீன் வெட்டும் தொழிற்சாலை. மெஷின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவள் கத்தினாலும் கேட்காது. எல்லோருடைய காதிலும் மூடி. அதனால் கத்தி பிடித்த கை வேலை செய்யும், மற்றக் கை கதைக்கும். இல்லாத தொப்பியை இழுத்துவிட்டால் மேற்பார்வையாளர் வருகிறார். முழங்கையைத் தட்டினால் மீனில் முள் கிடக்கிறது. எனக்கு எதிரே நின்றவள் பின்லாந்துக்காரி. பக்கத்தில் நின்றவள் எங்கள் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டை. மூன்று பேருக்கும் பொதுவாக ஒரு மொழியும் இல்லை. அந்தக் கைகள்தான் இருந்தன.

ஒவ்வொரு காலையும் முதற் கேள்வி ஒன்றுதான். இரண்டு விரலால் நெஞ்சில் இருமுறை தட்டி, உள்ளங்கையை விரிப்போம். சேதி வந்ததோ? வந்திருந்தால் மற்றவளும் கையை விரிப்பாள். வராவிட்டால் பொத்துவாள். ஊரில் சண்டை நடந்த காலம் அது. பொத்திய கைகள்தான் அதிகம்.

குளிர்காலத்தில் அங்கே சூரியன் எழும்பாது. யன்னல்கள் பகலிலும் நீலமாக இருக்கும். வெள்ளை அங்கி போட்ட பெண்கள், வெள்ளை மீன், ஆவி. அதற்குள்ளே மீனின் செவுள்போலத் திறந்து மூடும் கைகள். இப்போது நினைத்தால் நான் அங்கே வேலை செய்தேனா, அங்கே வேலை செய்வதாகக் கனவு கண்டேனா என்று எனக்கே மட்டுக்கட்ட முடியவில்லை.

3. பிறகு பாப்பம்

நான் கன்டீனில் பல வருடம் இருந்து, மாணவர்களின் கைப்பேச்சும் ஓரளவு பழகிய பிறகு அமெரிக்காவிலிருந்து வந்தவள் ரூத். அங்கே காது கேளாதவர்களுக்கென்று அரசாங்கப் பணத்தில் நடக்கும் ஒரு பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம். ஒரு தவணை மட்டும் எங்கள் கல்லூரியில் இருந்து படிக்க வந்திருந்தாள். நீளமான ஒற்றைப் பின்னல். தோளிலிருந்து பின்னலை இழுத்துவிடுவதுதான் அவளுடைய கைப்பெயர்.

ஒரு நாள் சமையலறையில் புகைபோக்கிக் காற்றாடி பெரிதாக இரைந்துகொண்டிருந்தது. மறுகரையில் வித்யா நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வித்யா மதுரைப் பிள்ளை. புருசனுக்குக் கம்ப்யூட்டர் வேலை, இவள் கன்டீனில் பாதி நேரம். வந்த புதிதில் என்னை 'ஆன்ட்டி' என்றாள். "அப்பிடிக் கூப்பிட்டால் உன்ரை சூப்பிலை உப்புக் கூட்டிப் போடுவன்" என்றேன். அன்றிலிருந்து அக்கா. அன்று கிரேத்த வருவதைக் கண்டு, நான் வித்யாவைப் பார்த்து இல்லாத தொப்பியை இழுத்துவிட்டேன். அவள் போனை ஒளித்தாள்.

சாப்பாட்டுத் தட்டோடு நின்ற ரூத் அதைக் கண்டுவிட்டாள். "அது எந்த ஊர்க் கை?" என்று கேட்டாள்.

அவளுடைய படிப்பே அதுதானாம். சத்தமான வேலையிடங்களில் காது கேட்கிறவர்கள் தங்களுக்குள் உண்டாக்கிக்கொள்ளும் கைப்பேச்சு. அதைப் படம் பிடித்துத் தன் ஆசிரியைக்குக் காட்டினால்தான் வசந்தத்தில் பட்டம். தவணை முடிவில் அந்த ஆசிரியையே ஒஸ்லோவுக்கு வந்து பார்ப்பதாக ஏற்பாடு.

பின்னேரங்களில் தேத்தண்ணி வைத்துக்கொண்டு எல்லாம் காட்டினேன். ஆனால் கமராவைக் கண்டதும் கையை ஏப்ரனுக்குள் செருகிவிடுவேன். வித்யாவின் கலியாண வீடியோவிலேயே என்னைத் தேடினால் கிடைக்காது என்று அவள் சொல்வாள். நான் அந்தக் கலியாணத்துக்குப் போகவுமில்லை என்பது வேறு கதை.

"நீ கடதாசியிலை பென்சிலாலை கீறிக்கொண்டு போ" என்றேன்.

"கீறினால் கை செத்துப்போகும். அசையிறதைத்தான் காட்டவேணும்" என்றாள் ரூத்.

"பிறகு பாப்பம்."

எங்கள் ஆட்களுக்குத் தெரியும், பிறகு பாப்பம் என்றால் என்ன அர்த்தம் என்று. ரூத்துக்குத் தெரியாது. தினமும் கமராவுக்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வந்தாள்.

4. அங்கே அணைத்த விளக்கு

இருட்டு மாதங்கள் தொடங்கியிருந்தன. ஒரு காலை ரூத்தும் மற்ற மாணவர்களும் ஒரு போனைச் சுற்றி நின்றார்கள். கைகள் வேகமாகப் போயின. எனக்குப் பிடிபடவில்லை. வித்யாதான் சொன்னாள்.

"அமெரிக்கால கவர்மென்ட்ட மூடிட்டாங்கக்கா."

"அரசாங்கத்தைப் பூட்டுறதோ? அதென்ன சந்தைக் கடையே?"

"பட்ஜெட் பாஸ் ஆகலைன்னா அப்படித்தான். பணம் வராது. ஆபீஸ், மியூசியம் எல்லாம் மூடிடுவாங்க. சம்பளமும் நின்னுரும்."

எனக்குத் தெரிந்தது ஊரடங்கு. அரசாங்கம் சனங்களை அடக்கும். அரசாங்கம் தன்னைத்தானே அடக்கும் என்பதை அன்றுதான் கேள்விப்பட்டேன்.

ரூத்தின் தாய் ஒரு அரசாங்க அருங்காட்சியகத்தின் சமையலறையில் வேலை செய்பவள். என்னைப்போல. அவளை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். ரூத்தின் பல்கலைக்கழகத்தில் வகுப்புகள் கையிருப்புப் பணத்தில் நடக்கின்றனவாம். ஆனால் எவ்வளவு நாளைக்கு என்று தெரியாததால் வெளிச்செலவுகளை நிறுத்தினார்கள். ஆசிரியையின் பயணம் நின்றது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளை என்ன செய்வது என்று பிறகு அறிவிப்பார்களாம்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும், சூப் பானைக்குப் பின்னால் நின்று நான் இரண்டு விரலால் நெஞ்சில் தட்டிக் கையை விரிப்பேன். சேதி வந்ததோ? கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றே ரூத் கையைப் பொத்திக் காட்டுவாள். அவளுக்குப் பின்னால் யன்னல் நீலமாக இருக்கும். சில நேரம் நான் எந்த ஊரில் நிற்கிறேன் என்பதே மறந்துபோகும்.

ஒரு புதன்கிழமை அவள் கையை விரித்தாள். முகம் விரியவில்லை.

"வெள்ளிக்கிழமை பிளேன். திரும்பி வரட்டாம்."

"படிப்பு?"

"கீறி வைச்சதைக் காட்டுவன்."

"அது போதாதுக்கா" என்றாள் வித்யா என் காதுக்குள். "படம் இல்லைன்னா அந்தப் பாடத்தை அடுத்த வருஷம் திரும்பப் பண்ணணுமாம். அம்மாவுக்குச் சம்பளமே இல்ல, அடுத்த வருஷம் எங்க போய்ப் பண்றது?"

ரூத் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கமராப் பையும் அன்று அவள் தோளில் இல்லை. சாப்பிட்ட தட்டைக் கழுவும் இடத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

"அக்கா, உங்க 'பிறகு பாப்பம்' எப்பதான் வரும்?" என்றாள் வித்யா.

அன்று ரயிலில் நான் இருக்கும் ஹவுகெட்டோவுக்குத் திரும்பும்போது வெளியே பனிப்புகார். ஸ்டேசன் விளக்குகள் தண்ணீருக்குள் எரிவதுபோல வந்து போயின. அமெரிக்காவில் யாரோ, சத்தம் கேட்கவில்லை என்று, எட்டியும் பார்க்காமல் சுவிட்சை அமத்திவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றியது. எனக்கு அந்தச் சுவிட்சைத் தெரியும்.

இறங்குமுன் வித்யாவுக்கு ஒரு குரல்செய்தி அனுப்பினேன். "நாளைக்கு அவளைக் கமராவோடை வரச்சொல்லு பிள்ளை."

5. வியாழன் பின்னேரம்

கிரேத்த மண்டபத்தை எங்களுக்கு விட்டுத் தந்தார். காது கேளாத ஆட்கள் எங்கே கூடினாலும் வெளிச்சம் கூடிய இடத்தில்தான் நிற்பார்கள். அந்தக் கட்டடத்தில் அப்படியான இடம் கன்டீன். அதற்கு முந்தின வருடம் பழைய சுவிட்சுகளைக் கழற்றிவிட்டுச் சென்சார் விளக்குகள் போட்டிருந்தார்கள். ஆள் அசைந்தால் எரியும், அசையாவிட்டால் தானே அணையும். அது வந்த நாளில் கிரேத்த என்னிடம், "இனி உனக்கு லைற் நிப்பாட்டுற வேலை இல்லை" என்றார். "அப்ப என்ரை பேரையும் அதுக்கே குடுங்கோ" என்றேன்.

ரூத் கமராவை முக்காலியில் ஏற்றி ஓடவிட்டாள். வித்யா என் ஏப்ரனைக் கழற்றிச் சேலையை நேராக்கினாள். நான் மேசைக்கு முன்னால் நின்றேன். ரூத் தலையாட்டினாள், தொடங்கலாம்.

கை எழும்பவில்லை.

கமராவின் கண் என்னைப் பார்த்தது. இருவரும் எனக்காக ஆடாமல் அசையாமல் காத்து நின்றார்கள். ரூத் மூச்சையும் பிடித்துக்கொண்டிருந்தாள். வெளியே பின்னேரமே இருண்டு, பனி மெல்ல விழுந்துகொண்டிருந்தது. அசைந்தது அது ஒன்றுதான்.

படக்கென்று விளக்கு அணைந்தது.

ஒருவரும் காலை உதைக்கவில்லை. இருட்டுக்குள் பனியின் வெளிச்சம் மட்டும் யன்னலால் வந்தது, பாட்ஸ்பியோர்ட் நீலம். அந்த நீலத்தில் எனக்கு எதிரே பின்லாந்துக்காரி நிற்பதுபோல இருந்தது. பக்கத்தில் வட்டுக்கோட்டைக்காரி. காதில் மூடி. எனக்காகக் காத்து நிற்கிறார்கள்.

இருட்டில் யாருக்குக் கூச்சம்? இரண்டு விரலால் நெஞ்சில் தட்டினேன். கையை விரித்தேன்.

விளக்கு எரிந்தது.

கமரா ஓடிக்கொண்டிருந்தது. என் கையும் நிற்கவில்லை. தொப்பி, முள், தேத்தண்ணி நேரம், கத்தி மொட்டை, அழாதே, இன்னும் ஒரு பெட்டிதான். மறந்துவிட்டேன் என்று நினைத்ததெல்லாம் கைக்குள் இருந்தது. கடைசியாக, வட்டுக்கோட்டைக்காரிக்கு ஒரு காலை சேதி வந்ததையும் காட்டினேன். அவள் கையை விரித்தாள். அது நல்ல சேதி இல்லை. விரித்த கையை மடக்கவே அவளுக்கு முடியவில்லை. பின்லாந்துக்காரி மீனை விட்டுவிட்டு வந்து, அந்த விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டாள். அதையும் அப்படியே செய்து காட்டினேன். இதை நான் வாயால் ஒருவருக்கும் சொன்னதில்லை.

முடிந்ததும் ரூத் கமராவை நிறுத்த மறந்து நின்றாள். வித்யா மூக்கை உறிஞ்சினாள்.

"வெங்காயம் உரிச்சனியோ?" என்று கேட்டேன்.

"போங்கக்கா" என்றாள்.

6. சேதி

வெள்ளிக்கிழமை ரூத் போனாள். காது கேளாதவர்கள் விடைபெறுவதற்கு வெகு நேரம் எடுப்பார்கள். கட்டிப்பிடிப்பார்கள், போவார்கள், திரும்பி வந்து இன்னொன்று சொல்வார்கள். பேருந்தில் ஏறிக் கதவு மூடிய பிறகும் கண்ணாடிக்குள்ளிருந்து என் பெயரைச் சொன்னாள். தலைக்கு மேலே விரித்த கை, மெல்லப் பொத்தியது. பேருந்து திரும்பும்வரை திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அங்கே அரசாங்கத்தை மறுபடி திறந்துவிட்டார்கள் என்று சில காலத்துக்குப் பிறகு வித்யா சொன்னாள். ரூத்தின் தாயும் வேலைக்குத் திரும்பியிருந்தாள். பிறகு ஒரு மத்தியானம் வித்யா போனை நீட்டிக்கொண்டு ஓடி வந்தாள். கண்ணாடிக்குள் ரூத். பின்னால் ஒரு வகுப்பறை. நான் வேறொன்றும் கேட்கவில்லை, நெஞ்சில் தட்டிக் கையை விரித்தேன்.

ரூத் இரண்டு கைகளையும் விரித்தாள். ஆசிரியை பார்த்துவிட்டாள், ஏற்றுக்கொண்டாள், வசந்தத்தில் பட்டம். அவளுக்குப் பின்னால் இருந்த பிள்ளைகள் எல்லோரும் நெஞ்சில் இரண்டு விரலால் தட்டிக் கையை விரித்தார்கள். பாட்ஸ்பியோர்டைக் கண்ணால் காணாத பிள்ளைகள்.

வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். ஒரு இடத்தில் சத்தம் கேட்கவில்லை என்றால் அங்கே ஆட்கள் இல்லை என்று நினைக்காதீர்கள். விளக்கில் கை வைக்குமுன் எட்டிப் பாருங்கள். அங்கே யாராவது பாதி வசனத்தில் நிற்கக்கூடும். கூச்சமுள்ளவர்களுக்கு இன்னொன்று. பிறகு பாப்பம் என்று சொல்லும்போது, மற்றவருக்கு ஒரு வெள்ளிக்கிழமை இருக்கலாம்.

இந்த வருடத்தோடு எனக்கு ஓய்வு. இப்போதும் வேலை முடிந்தபின் ரயிலுக்கு நேரம் இருந்தால், மண்டபத்தில் தனியே இருந்து தேத்தண்ணி குடிப்பேன். அசையாமல் இருந்தால் விளக்கு அணைந்துவிடும். யன்னல் நீலமாகும். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பிறகு தோளிலிருந்து, இல்லாத ஒரு நீளப் பின்னலை இழுத்துவிடுவேன்.

விளக்கு எரியும்.