ஐந்தாவது வரி

ஞாயிறு பள்ளியில் சின்னப் பிள்ளைகள் வகுப்பை என்னிடம் ஒப்படைத்தபோது நான் பி.எட். படித்துக்கொண்டிருந்தேன். ஆம்பூரிலிருந்து தினமும் பஸ் பிடித்து வேலூர் போய் வருவேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அப்பா தோல் கம்பெனியில் சுண்ணாம்புத் தொட்டி வேலை. கையெழுத்துக் கேட்கிற இடத்தில் இன்றைக்கும் கட்டைவிரலைத்தான் நீட்டுவார். அதனாலோ என்னவோ, கல்லூரியில் சொல்லிக் கொடுத்ததையெல்லாம் அப்படியே நம்பினேன். பிள்ளைகள் கேட்டுக் கற்பதைவிட விளையாடிக் கற்பதுதான் மனதில் நிற்கும் என்று ஒரு பேராசிரியர் சொன்னதை, நோட்டில் இரண்டு முறை அடிக்கோடு போட்டு வைத்திருந்தேன்.

வகுப்பில் எட்டுப் பிள்ளைகள். ஆறு வயதிலிருந்து எட்டு வயதுக்குள். பாலர் ஞாயிறு அன்று சபை முன்னால் பாடுவதற்காகப் போதகரின் மனைவி ஒரு பாட்டு எழுதிக் கொடுத்தார். ஆண்டவர் மேய்ப்பர், பிள்ளைகள் ஆடுகள். மொத்தம் எட்டே வரி. தாளைப் பார்த்ததும் எனக்குத் தோன்றிவிட்டது. எட்டு வரி, எட்டுப் பிள்ளை, ஆளுக்கு ஒன்று.

அப்படித்தான் அந்த விளையாட்டை உண்டாக்கினேன். ஷூ கம்பெனியில் வெட்டிப் போடும் தோல் துண்டுகளைத் திணித்து ஒரு பந்து தைத்தோம். பிள்ளைகள் வட்டமாக நிற்பார்கள். பந்து யார் கைக்கு வருகிறதோ அவர் தன் வரியைப் பாடி, செய்கை காட்டி, அடுத்த வரிக்காரருக்கு வீச வேண்டும். அடுத்தவர் வரியைப் பாடினால் அவுட். வெளியே போய் உட்கார வேண்டியதுதான். இந்தச் சட்டத்தை நான்தான் போட்டேன். வாயாடிப் பிள்ளைகள் மொத்தப் பாட்டையும் தாங்களே பாடிவிடுவார்கள், கூச்சப்படுகிற பிள்ளை உதட்டை அசைத்துத் தப்பித்துக்கொள்ளும் என்று பயந்தேன். பள்ளிக்கூடத்தில் நான் அப்படி உதட்டை அசைத்தவன்.

ஐந்தாவது வரி ஒரு ஏழு வயதுப் பெண்ணுடையது. கரகரத்த குரல். வகுப்பிலேயே குள்ளம்.

'மழைக்கு முன்னே வீடு சேர்ப்பார்.'

பாடிக்கொண்டே இரண்டு கையையும் தலைக்கு மேல் கூரை மாதிரி வைப்பாள். மற்ற ஏழு பேரும் ஓடி வந்து அந்தக் கூரைக்குள் நுழைய வேண்டும். அவள் குள்ளம் என்பதால் எல்லோரும் தலையைக் குனிந்துதான் வர முடியும்.

"இன்னும் குனிடா! என் வீடு இடியுது பாரு!"

"ஒன் வீடு கோழிக்கூண்டு மாரி கீதுடி."

"அப்ப நீ மழைல நெனை. போ."

அவள் அம்மா ஷூ கம்பெனியில் தையல் பிரிவு. ஞாயிற்றுக்கிழமையும் பாதி நாள் ஓவர்டைம் இருக்கும். மகளைக் கோயில் வாசலில் விட்டுவிட்டுக் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுவார். ஒருநாள் அப்படி ஓடும்போதே நின்று என்னைக் கேட்டார்:

"இன்னா தம்பி பாட்டு அது? வீட்ல ஒரே வரியத்தான் பாடிக்கினே கீறா. சோறு துன்னும்போதும் அதான், குளிக்கும்போதும் அதான். முழுசா பாடுடின்னா, மீதி என்து இல்லம்மா, பாடுனா அவுட்டுன்றா."

நான் பெருமையாகச் சிரித்தேன். "பாலர் ஞாயிறு அன்னைக்கு வந்து கேளுங்கக்கா. முழுசா கேக்கலாம்."

"லீவு சொல்லிட்டேன். வர்றேன்" என்றார்.

பாலர் ஞாயிறுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஐந்தாம் நாள் காலையில் ஆம்புலன்ஸ் தெருவுக்குள் திரும்பி வந்தது.

வீட்டு வாசலில் ஷாமியானா போட்டு, சின்னப் பெட்டியை பெஞ்சின் மேல் வைத்திருந்தார்கள். சபையார் பாடிக்கொண்டிருந்தார்கள். என் வகுப்புப் பிள்ளைகள் ஏழு பேரும் என்னை ஒட்டி நின்றார்கள். பெட்டியை மூடும் நேரம் வந்தபோது அவள் அம்மா தலை நிமிர்ந்து என்னைத் தேடினார்.

"தம்பி, அந்தப் பாட்டு. புள்ளைங்கள பாடச் சொல்லு. முழுசா ஒருவாட்டி நான் கேக்கணும்."

பிள்ளைகளை முன்னால் நிறுத்தினேன். முதல் வரிக்காரன் ஆரம்பித்தான். குரல் நடுங்கினாலும் பாடிவிட்டான். இரண்டாவது, மூன்றாவது. நான்காவது வரிக்காரி பாடி முடித்தாள்.

அதோடு நின்றுவிட்டது.

ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அந்த வரி தெரியாத பிள்ளை அதில் ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் அது அவளுடைய வரி. ஆறாவது வரிக்காரன் என் முகத்தைப் பார்த்தான். நான் பாடியிருக்க வேண்டும். உதட்டை மட்டும்தான் அசைத்தேன். அந்த நேரத்தில் பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்தார்கள். அந்த வரி வந்தால் குனிய வேண்டும் என்று அவர்கள் உடம்புக்குத் தெரியும். அவ்வளவுதான்.

சபை மூப்பர் அதைப் பார்த்துக் கண் கலங்கினார். பிள்ளைகள் ஜெபத்துக்குத் தலை குனிகிறார்கள் என்று நினைத்துவிட்டார். "ஜெபிப்போம்" என்றார். கூட்டம் மொத்தமும் தலை குனிந்தது. அவர் ஆமென் சொல்லி முடித்ததும் பெட்டியை மூடினார்கள். மீதி வரிகளை யாரும் பாடவில்லை.

'இன்னும் இருக்கிறது, பொறுங்கள்' என்று நான் சொல்லியிருக்கலாம். அத்தனை பெரியவர்கள் நடுவில் எனக்கு வாய் வரவில்லை. அவள் அம்மாவின் கண் அந்த நேரம் முழுவதும் பிள்ளைகளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

அடுத்த ஞாயிறு வகுப்பில் பந்தைக் கையில் எடுத்து, இனிமேல் எல்லா வரியையும் எல்லோரும் பாடலாம் என்றேன். ஒருவரும் குதிக்கவில்லை.

"அவ வரி யாருக்கு அண்ணா?" என்று நான்காவது வரிக்காரி கேட்டாள்.

"எல்லாருக்கும்தாம்மா."

"அப்ப அவ அவுட்டா?"

பந்தை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். பாலர் ஞாயிறுக்கு எங்கள் வகுப்பு பாடவில்லை. போதகரின் மனைவியும் ஏன் என்று கேட்கவில்லை.

ஒரு மாதம் கழித்து, காலையில் வேலூர் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். கொஞ்சம் தள்ளி, கம்பெனி பஸ்ஸுக்காக நிற்கும் பெண்களுக்குள் அவள் அம்மாவும் இருந்தார். திரும்பவும் வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டார் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஒளிந்துகொள்ளலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அதற்குள் அவரே கூட்டத்தை விட்டு என்னிடம் வந்தார்.

"தம்பி, அந்தப் பாட்ட இப்ப சொல்லு. பாட வேணாம். சொன்னா போதும்."

ரோட்டில் லாரி போய்க்கொண்டிருந்தது. நான் குரலைத் தாழ்த்தி, பாடம் ஒப்பிக்கிற மாதிரி ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். காலையில் எழுப்பி விடுவார். கையைப் பிடித்து நடத்திச் செல்வார். பச்சைப் புல்லைத் தேடித் தருவார். பள்ளம் வந்தால் தூக்கிக்கொள்வார்.

அங்கே நின்றேன். அவர் சாப்பாட்டுப் பையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"மழைக்கு முன்னே வீடு சேர்ப்பார்" என்று அவரே சொன்னார். ராகம் இல்லாமல், விலாசம் சொல்கிற மாதிரி. "அப்புறம்?"

"மந்தையெல்லாம் எண்ணிப் பார்ப்பார்."

"ம்."

"பேரைச் சொல்லிக் கூப்பிடுவார். பிள்ளை என்று சொல்லிடுவார்."

"அப்புறம்?"

"அவ்ளோதான்க்கா. முடிஞ்சிட்ச்சி."

"இவ்ளோதானா?" என்றார். கோபம் இல்லை. உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "நான் பெரிய பாட்டுன்னு நெனச்சேன். எட்டு வரிதானே தம்பி. அல்லாத்தையும் அவளுக்கு ஒரே நாள்ல சொல்லிக் குடுத்திருக்கலாமே. பாடிக் காட்டியிருப்பா எனக்கு."

கம்பெனி பஸ் வந்து நின்றது. பெண்கள் ஏற ஆரம்பித்தார்கள். உள்ளேயிருந்து யாரோ, "அக்கா, சீட்டு போட்டு வச்சிக்கீறேன், வா" என்று கூப்பிட்டார்கள். அவர் போய் ஏறினார்.

நான் அன்றைக்கு வேலூர் போகவில்லை.