ரிப்பன் கட்டிய பரிசு

இல்லை, கெசையா நன்றி கெட்டவள் இல்லை. ஆற்றின் இந்தக் கரைக்கு வந்து விடுதலையாக உட்கார்ந்திருக்கிற நம் ஆட்களே, "தின்ன சோத்துக்குத் துரோகம் பண்ணிட்டா" என்று தேவாலய வாசலில் பேசுகிறார்கள். கெசையா காய்ச்சலில் கிடந்தபோது எஜமானி லவீனியா பதினொரு நாள் பக்கத்தில் இருந்து கோழிச்சாறு ஊட்டினாள். உண்மைதான். கெசையாவே அதை மறுத்ததில்லை. ஆனால் பிறகு நடந்ததைக் கேட்டுவிட்டு வாயைத் திறக்கட்டும்.

ஆற்றின் அக்கரையில், அடிமை வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிற மிசூரியில், லவீனியாவின் வீட்டில் கெசையா அடிமை. மகள் டெம்பிக்கு ஒன்பது வயது. அந்த வசந்தத்தில் எஜமானியின் அண்ணன் மகளுக்கு அந்த வீட்டிலேயே கல்யாணம். லவீனியா வெள்ளைத் துணி கொடுத்து, "டெம்பிக்கு ஒரு கவுன் தைச்சிடு கெசையா. ஓரத்தை நல்லா மடிச்சு விடு, வளர்ற பொண்ணு" என்றாள். கெசையாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. இரண்டு வாரம் உட்கார்ந்து, கழுத்தில் பூவேலைகூடச் செய்தாள்.

கல்யாணத்தன்று காலை அதை மகளுக்கு உடுத்திவிட்டு முன்னறைக்கு அழைத்துப் போனாள். மேசைமேல் வெள்ளிக் கரண்டி, போர்வை, பீங்கான் தட்டு. எல்லாவற்றிலும் நீல ரிப்பன். லவீனியா இன்னொரு ரிப்பனை எடுத்து டெம்பியின் மணிக்கட்டில் கட்டி, போர்வைக்குப் பக்கத்தில் நிற்க வைத்தாள்.

கெசையாவுக்கு விளங்கவில்லை. அங்கே சமைக்கிற இன்னொரு அடிமை டார்க்கஸ்தான் காதில் சொன்னாள்: "ஏன்டி முழிக்கிற? உம் பொண்ணும் கல்யாணப் பொண்ணுக்குச் சீதனம். சாயங்காலக் கப்பல்ல அவகூட லூயிவில் ஊருக்குப் போறா."

கெசையா மகளின் கவுனைப் பார்த்தாள். தானே அளவெடுத்து, தானே தைத்திருக்கிறாள்.

"அம்மா, அது எம் பொண்ணும்மா."

லவீனியாவின் கண் கலங்கியது. "எனக்கு மட்டும் வருத்தமில்லையா? எனக்குத்தான் வீடு வெறிச்சுனு ஆகும். அழுது கல்யாணத்தைக் கெடுத்துடாதே. நான் உனக்குச் செஞ்சதை நினைச்சுப் பாரு."

நினைத்துப் பார்த்தாள். அடுப்படியில் நின்று அந்தப் பதினொரு நாளையும்தான் நினைத்தாள். சாறு ஊட்டியதும் அந்தக் கைதான், ரிப்பன் கட்டியதும் அந்தக் கைதான்.

வர முடியாத வீடுகளுக்குக் கல்யாணக் கேக் அனுப்புவது அந்த ஊர் வழக்கம். அன்றைக்கு மட்டும், கூடை தூக்கிப் போகிற கறுப்புப் பெண்ணிடம் அடிமை வெளியே போக எஜமான் எழுதித் தரும் அனுமதிச் சீட்டை எவனும் கேட்கமாட்டான். டார்க்கஸ் ஒரு கூடையை நிரப்பினாள்.

"கனமாயிருக்குடி. ஒருத்தியால முடியாது, மகளையும் கூட்டிட்டுப் போ" என்று எல்லார் காதிலும் விழச் சொன்னாள்.

தோட்டத்தில் பாதிரியார் ஜெபம் தொடங்கியிருந்தார். எல்லாரும் தலை குனிந்திருந்தார்கள். கூடையின் ஒரு பிடியைக் கெசையாவும் மறு பிடியை டெம்பியும் பிடித்துக்கொண்டு, பட்டப்பகலில் முன்வாசலைத் தாண்டி இந்தக் கரையை நோக்கி ஆற்றுப் பக்கம் நடந்தார்கள்.