சென்சர் சொன்னதும் அவர் சொன்னதும்

போன வருடம், மழை விட்டு வெயில் எறிக்கத் தொடங்கியிருந்த நாட்கள். கண்டியிலிருந்து மகியங்கனை போகும் வீதியில், தெல்தெனியவைத் தாண்டி ஹுன்னஸ்கிரிய நோக்கி ஏறும் வளைவுகளில் நடந்தது இது.

நான் பல்லேகலையில் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் கொம்பியூட்டர் பிரிவில் வேலை செய்கிறேன். என் கணவர் ஹுன்னஸ்கிரியவுக்கு மேலே, தோட்டத்துக்குள் இருக்கும் ஒரு சின்னத் தமிழ்ப் பாடசாலையில் ஆசிரியர். மோட்டார் சைக்கிள் என்னுடையது. ஓட்டுவதும் நான்தான். இளவயதில் ஒருமுறை விழுந்ததிலிருந்து அவர் ஹேண்டிலைத் தொடுவதில்லை. புருஷன் பின்னால் உட்கார்ந்து வருவதைப் பார்த்து திகன சந்தியில் சிலர் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். குண்டசாலையிலிருந்து அதிகாலையில் கிளம்பி, அவரை மேலே இறக்கிவிட்டு, திரும்ப இறங்கி வந்து நான் வேலைக்குப் போக வேண்டும். பஸ்ஸை நம்பினால் அவருக்கு நேரம் சரிவராது.

அந்தப் பாடசாலையில் சரியாக ஏழரைக்கு வரவுப் புத்தகத்தில் ஒரு சிவப்புக் கோடு விழும். அதற்குப் பிறகு வருகிறவர் கோட்டுக்குக் கீழேதான் ஒப்பமிட வேண்டும். என் கணவர் பல வருடம் காத்திருந்து கிடைத்த நியமனத்தில், இன்னும் தகுதிகாண் காலத்தில் இருந்தார். ஒரே தவணையில் மூன்று தரம் கோட்டுக்குக் கீழே ஒப்பமிட்டால் விளக்கக் கடிதம் கேட்பார்கள், அது அவருடைய கோவைக்கு, அதாவது ஃபைலுக்குப் போகும், வேலை நிரந்தரமாவது தள்ளிப்போகலாம். ஏற்கனவே இரண்டு தரம் ஆகிவிட்டிருந்தது. இரண்டுக்கும் காரணம் என் பைக்.

செகண்ட் ஹேண்டாக வாங்கிய வண்டி. முன்பு வைத்திருந்தவர் சைலன்சரையும் காற்று வடிகட்டியையும் மாற்றிப் போட்டிருந்தார். சமதரையில் நன்றாகத்தான் ஓடும். இரண்டு பேரோடு ஏற்றத்தில் திணறும், வளைவில் திடீரென்று நின்றும் போகும். இந்த மாதிரி வண்டிகளில் எஞ்சினுக்கென்று ஒரு குட்டிக் கொம்பியூட்டர் இருக்கிறது. எந்த வேகத்தில் எவ்வளவு பெற்றோல் தெளிக்க வேண்டும் என்று அதற்குள் ஒரு அட்டவணை. காற்று போகும் வழியை மாற்றினால் அந்த அட்டவணையையும் மாற்ற வேண்டும். கண்டியில் கேட்ட இடத்திலெல்லாம் கொழும்புக்குக் கொண்டு போகச் சொன்னார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நாள் முழுக்க அட்டவணைகளோடு மாரடிக்கிறவள் நான். இந்த ஒரு அட்டவணைக்குக் கொழும்பு போவதா?

பழைய லெப்டொப் ஒன்று இருந்தது. அதை எஞ்சின் கொம்பியூட்டரோடு இணைக்கும் கேபிளை வரவழைத்தேன். புகையில் பெற்றோல் கூடவா குறையவா என்று காட்டும் சென்சர் ஒன்றும் வாங்கினேன். அதைப் பொருத்த, எஞ்சினிலிருந்து வரும் புகைக் குழாயும் சைலன்சரும் சேரும் மூட்டுக்குச் சற்றுப் பின்னால் இடம் காட்டி வெல்டிங் செய்வித்தேன். கழற்றியதை வீட்டு வாசலில் வைத்து நானே திரும்பப் பூட்டினேன். ஒரு போல்ட்கூட மிஞ்சவில்லை என்று அன்றைக்குப் பெருமை வேறு.

அதற்குப் பிறகு தினமும் இதே கூத்துதான். லெப்டொப்பைத் தன் பாடசாலைப் பையில் திறந்தபடி வைத்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கணவர் பின்னால் உட்கார்ந்திருப்பார். வண்டி திணறும்போதெல்லாம் ஒரு பொத்தானை அழுத்துவது அவருடைய வேலை. பின்னேரம் வந்து நான் பதிவைப் பார்ப்பேன். பெற்றோல் போதவில்லை என்று சென்சர் காட்டும். நூற்றுக்கு ஐந்து வீதம் கூட்டுவேன். மறுநாளும் போதவில்லை என்றே காட்டும். இன்னும் ஐந்து வீதம். வண்டி நன்றாவதாகத் தெரியவில்லை. ஆனால் நம்பர் சொல்கிறதே, நான் யார் மறுக்க?

முதல் வாரமே அவர் சொன்னார்: "என் காற்சட்டையில கறுப்புப் புள்ளி விழுது, பார்த்தியா?" அவர் பாடசாலைக்கு வெள்ளைக் காற்சட்டைதான் போடுவார், அதைத் தானே துவைத்து தானே அயர்ன் பண்ணுவார். நான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தார் ரோட்டுல போனா தார்தாங்க ஒட்டும்."

இரண்டாம் தரம் சொன்னபோது, பாதை திருத்துகிறார்கள் அல்லவா, அதுதான் என்றேன். மூன்றாம் தரம், பெற்றோல் வாடையும் அடிக்கிறது என்று சேர்த்துச் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. "நான் எஞ்சினப் பார்க்கவா, ஒங்க காற்சட்டையப் பார்க்கவா?" என்று கேட்டுவிட்டேன். அதன் பிறகு அவர் சொல்லவில்லை. பழைய கபில நிறக் காற்சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்து, பாடசாலையில் வெள்ளைக்கு மாறத் தொடங்கினார். அதையும் நான் விடவில்லை. "புது மாப்பிள்ளைக்குத் தினமும் ரெண்டு உடுப்பு" என்று கேலி செய்தேன். அவரும் சிரித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெற்றோலை ஒரேயடியாக நன்றாக ஏற்றினேன். தெல்தெனிய வரை தனியாக ஓட்டிப் பார்த்தேன். சென்சரில் முதல் தடவையாக நான் எதிர்பார்த்த நம்பர் வந்தது. வீட்டுக்கு வந்து வெற்றி வீராங்கனை மாதிரித்தான் இறங்கினேன்.

மறுநாள் திங்கட்கிழமை. காலைக் கூட்டத்தை நடத்துவது அவர் முறை. உடுப்பு மாற்ற நேரம் இருக்காது என்று வெள்ளையிலேயே வந்திருந்தார். மெதமஹநுவரவைத் தாண்டி இரண்டு வளைவுகூட ஏறவில்லை, வண்டி இருமியது, குலுங்கியது, நின்றது. ஸ்டார்ட் பண்ணினால் உறுமக்கூட இல்லை. மணி ஏழு தாண்டிவிட்டது. அவர் கீழே இறங்கி, வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றார். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

கொஞ்ச நேரத்தில் ஒரு பழைய லொறி வந்து நின்றது. அக்குறணைக்காரர் ஒருவர், மேலே மிளகு ஏற்றப் போகிறாராம்.

"என்ன தங்கச்சி, வண்டி நின்டுட்டா? சேரை ஏறச் சொல்லுங்க, நான் கொண்டு போய் விர்றன்."

கணவர் பையை என்னிடம் நீட்டினார். "லெப்டொப் ஒனக்குத் தேவைப்படும்" என்றார். இடது கையில் சாப்பாட்டுப் பெட்டியோடு அவர் லொறிப் படியில் கால் வைத்து ஏறினார். அப்போதுதான் பார்த்தேன். வலது காலில், முழங்காலுக்குக் கீழிருந்து கணுக்கால் வரை, வெள்ளைத் துணியில் பொடிப்பொடியாகக் கரி. இடது கால் பளிச்சென்று இருந்தது. வீதித் தார் வலது காலை மட்டும் தேடிப் பிடிக்குமா?

லொறி போய்விட்டது. நான் குனிந்து, அவர் கால் இருக்கும் உயரத்தில் வண்டியைப் பார்த்தேன். குழாயும் சைலன்சரும் சேரும் மூட்டைச் சுற்றி விசிறி மாதிரிக் கரி அடித்திருந்தது. கண்ணாடியில் நம் முகத்தைப் பார்ப்பது போல் அத்தனை தெளிவாகத் தெரிந்தது என் தவறு. மூட்டில் இடைவெளி. புகை வெளியே வரும்போது அவர் காலில் கரி. அடுத்த நொடி அதே இடைவெளியால் வெளிக்காற்று உள்ளே போகிறது. சற்றுப் பின்னால் இருக்கும் சென்சர் அந்தக் காற்றைப் பார்த்துவிட்டு, பெற்றோல் போதவில்லை என்கிறது. நானும் ஊற்று ஊற்று என்று ஊற்றி, எஞ்சினைப் பெற்றோலில் குளிப்பாட்டியிருக்கிறேன். வெல்டிங்குக்குக் கழற்றிய அன்று, சாம்பல் நிறத்தில் உதிர்ந்து கிடந்த ஒரு வளையத்தைக் கரி என்று நினைத்து எறிந்தது நினைவுக்கு வந்தது. மூட்டை அடைக்கிற வளையமே அதுதான்.

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் அழுதால் வண்டி ஓடாது. சீட்டுக்கு அடியிலிருந்த கருவிகளை எடுத்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினேன், கறுத்து நனைந்திருந்தது. துப்பட்டாவின் ஓரத்தால் துடைத்து, வெயில் விழுந்த கல்லின்மேல் காய வைத்தேன். அதற்குள் லெப்டொப்பைத் திறந்து, எதையும் மாற்றும் முன்பே பத்திரப்படுத்தி வைத்திருந்த பழைய அட்டவணையைத் திரும்ப ஏற்றினேன். வீதியோரம் கிடந்த ஒரு குளிர்பானத் தகர டின்னை வெட்டி, ஆறிய மூட்டில் சுற்றி, கிளிப்பை இறுக்கினேன். கையில் இரண்டு இடத்தில் வெட்டு. ஏழாவதோ எட்டாவதோ தடவை அமுக்கியதும் ஸ்டார்ட் ஆனது.

கீழே வேலைக்குத் திரும்பாமல் மேலேயே ஏறினேன். அங்கங்கே கொஞ்சம் திணறினாலும் வண்டி ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை. அது எனக்குச் சந்தோஷத்தைத் தரவில்லை.

அவர் சந்தியில் இறங்கி, தோட்டப் பாதையில் ஓடியே போயிருக்கிறார். போய்ச் சேரும்போது மூன்று நிமிடம் பிந்திவிட்டது. கோட்டுக்குக் கீழே மூன்றாவது ஒப்பம். நான் போனபோது அவர் வகுப்பில் இருந்தார். கிரீஸ் கையோடு நேராகப் பாடசாலை அதிபரின் அறைக்குப் போனேன். கண்டிப்பான பெண்மணி, கதிரையைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"மெடம், தப்பு அவருடையது இல்ல. வண்டியக் கெடுத்தது நான்தான்" என்றேன்.

அதிபர் மேசையில் கிடந்த கடிதத்தை என் பக்கம் திருப்பினார். "சேர் ஏற்கனவே எழுதிக் குடுத்துட்டாரே."

என் கணவரின் அழகான கையெழுத்து. காலையில் கிளம்பத் தாமதமாக்கியது தானே என்றும், இனி அப்படி நடக்காது என்றும் இரண்டே வரி. பைக்கைப் பற்றி ஒரு சொல் இல்லை. என்னைப் பற்றி ஒரு சொல் இல்லை. அடக்கி வைத்திருந்த அழுகை அங்கேதான் வந்தது, ஒரு அந்நியருக்கு முன்னால், வெட்கமே இல்லாமல்.

அழுது முடித்ததும் ஒரு தாள் கேட்டேன். நடந்ததை அப்படியே எழுதினேன். வளையத்தை எறிந்ததிலிருந்து, அவர் மூன்று தரம் சொல்லியும் கேட்காதது வரை. அதிபர் வாசித்தார். கடைசிப் பகுதியில் அவர் உதடு துடித்தது, சிரிப்பை அடக்கியிருக்க வேண்டும். "ரெண்டையும் சேர்த்தே வைக்கிறன்" என்றார். கடிதங்கள் இரண்டும் கோவைக்குப் போயின. அந்தச் சில மாதங்கள் எனக்குச் சரியாகச் சோறு இறங்கவில்லை. பிறகு அவருக்கு வேலை நிரந்தரமான கடிதம் வந்தது.

இதற்கிடையில் புது வளையம் போட்டு, முதலிலிருந்து தொடங்கினேன். ஒவ்வொரு நாளும் லெப்டொப்பைத் திறக்கும் முன்பு, இன்றைக்கு எப்படி இருந்தது, என்ன வாடை, எந்த வளைவில் இழுத்தது என்று அவரிடம்தான் முதலில் கேட்டேன். நான் முன்பு கூட்டியதில் கால்வாசிகூடத் தேவைப்படவில்லை. இப்போது இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு வண்டி பாட்டுப் பாடிக்கொண்டு ஏறுகிறது.

ஏன் இன்னும் அழுத்திச் சொல்லவில்லை என்று அவரிடம் ஒருநாள் கேட்டேன். "நீ அவ்வளவு கஷ்டப்பட்டுச் செய்ற, நான் வேற குறுக்க நிக்கணுமா?" என்றார். அந்தப் பதில் இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது. நம்மோடு இருப்பவர் ஒன்றை மெதுவாகச் சொல்லும்போதே கேட்டுவிட வேண்டும் என்று அன்றிலிருந்து முயல்கிறேன். எல்லா நாளும் முடிவதில்லை, ஆனாலும் விடுவதாக இல்லை.