ரேடியோ சவரத்துக்குப் போன காரணம்

என் சைக்கிள் கடைச் சுவரை ஒட்டினதுதான் அவனுடைய சலூன். எல்லாரும் அவனை ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். காலையில் ஷட்டரோடு திறக்கிற வாய், ஷட்டரோடுதான் மூடும்.

ஆனால் பாவம், இப்போதெல்லாம் கேட்க ஆளில்லை. நாற்காலியில் உட்காருகிறவன் காதில் எதையாவது செருகிக்கொண்டு போனைப் பார்க்கிறான். பூட்டின வீட்டுக்குள் பிணம் எழுந்து உட்கார்ந்த கதையை இவன் உயிரைக் கொடுத்துச் சொன்னால், "கிருதாவைக் கொஞ்சம் ஏத்துங்க" என்கிறான்.

அதனால்தான் கடைக்கு லீவு விடுகிற செவ்வாய்க்கிழமைகளில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முதியோர் இல்லத்துக்குப் போக ஆரம்பித்தான். பதினெட்டுப் பேருக்கு இலவசச் சவரம். ஆளுக்கொரு புது பிளேடு, சோப்பு, எல்லாம் கைக்காசு. ஒரு தடவை நானும் கூடப் போனேன். சவரமா அது? கச்சேரி! கதை உச்சத்துக்கு வந்ததும் கத்தி அந்தரத்தில் நிற்கும். நுரை வழியும் கன்னத்தோடு ஆள் வாயைப் பிளந்துகொண்டிருப்பார். கதையில் மீதி வைப்பானே தவிர, தாடியில் மீதி வைக்க மாட்டான்.

எல்லாரையும்விட சத்தமாகச் சிரிப்பவர் ஒரு பழைய கொத்தனார். "அவருதாண்ணே நம்ம ஆளு. அப்படி ரெண்டு காது இருந்தா போதும்" என்பான்.

இல்லத்துக்குப் புதிதாக ஒரு மேனேஜர் அம்மா வந்தார். சேவைக்கு வருகிறவர்கள் படிவம் நிரப்ப வேண்டும் என்றார். ரேடியோவுக்குப் பேச வருமே தவிர எழுத வராது. நான் ஏழாவதோடு நின்றவன் என்றாலும் என் கையெழுத்து நன்றாக இருக்கும்.

"சேவை செய்ய விரும்பும் காரணம்னு கேட்டிருக்காங்கடா. என்ன எழுத?"

"கடையில ஒருத்தனும் என் பேச்சைக் கேக்கறதில்ல, அங்க கேக்கறாங்க. வேற என்ன காரணம்?"

உள்ளதை உள்ளபடி எழுதித் தொலைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"சொந்த ஆசைக்கு வர்றவங்க வேணாம். சேவை மனப்பான்மையோட வர்றவங்க வரட்டும்" என்று திருப்பி அனுப்பிவிட்டார் அந்த அம்மா.

ரேடியோ அணைந்துவிட்டது. அவன் வாயே திறக்காமல் முடி வெட்டுவதைப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது. மூன்று வாரம் பொறுத்தேன். நாலாவது செவ்வாய்க்கிழமை அவனைப் பெட்டியோடு இழுத்துக்கொண்டு போனேன்.

உள்ளே போனால் பதினெட்டு தாடி! சேவை மனப்பான்மையோடு வந்த வேறொருவருக்கு ஒருத்தரும் முகத்தையே கொடுக்கவில்லையாம்.

"இவர் தன் சந்தோஷத்துக்குத்தாங்க வர்றாரு" என்று பெரியவர்களிடம் சொல்லித் தடுத்தார் மேனேஜர் அம்மா.

பஸ் கண்டக்டராக இருந்த ஒரு பெரியவர் தாடியைச் சொறிந்துகொண்டே கேட்டார். "ஏம்மா, நீ சம்பளத்துக்குத்தானே வர்றே? நாங்க என்னைக்காவது கோவிச்சுக்கிட்டமா?"

அந்த அம்மாவுக்கு முதலில் மூக்கு சிவந்தது. அப்புறம் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவரே நாற்காலியை இழுத்துப் போட்டார்.

கொத்தனார் முதல் ஆளாக வந்து உட்கார்ந்தார். ரேடியோ நுரையைப் பூசியபடி, "கதையை எங்கய்யா விட்டேன்?" என்றான். பதில் இல்லை. மறுபடியும் கேட்டான்.

"அவருக்குச் சுத்தமா காது கேக்காதுப்பா" என்றார் கண்டக்டர். "நாங்க சிரிச்சா அவரும் சிரிப்பாரு."

கத்தி அந்தரத்தில் நின்றது. இந்தத் தடவை கதைக்காக அல்ல.

"அப்ப இத்தனை நாளா எதுக்குய்யா முதல் ஆளா வந்தீங்க?" என்று சைகை காட்டிக் கேட்டான்.

கொத்தனார் அவன் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார். "சைகையெல்லாம் எதுக்கு? நீ பேசு தம்பி!" என்று அறையே அதிரச் சொன்னார். "நீ பேசினாத்தான் மெதுவா மழிப்பே."

ரேடியோ சிரித்த சிரிப்பில் நுரை என் சட்டை மேலெல்லாம் தெறித்தது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தான்.

நானும் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். மூன்று வாரமாக அந்தப் பூட்டின வீட்டுப் பிணம் என்ன ஆச்சென்று தெரியாமல் எனக்குத் தலை வெடித்துக்கொண்டிருந்தது.