தலைதட்டிய சோறு

மலாயாவில் வெள்ளைக்காரன் அவசரகாலம் போட்டிருந்தபோது, புலாவ் செபாங் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில், கூலிகள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டு வீட்டு அடுப்புகளை அணைக்கச் சொல்லிவிட்டார்கள். காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு மணி அரிசி போகக் கூடாதாம். எல்லாருக்கும் ஒரே கொட்டகையில் சோறு பொங்கும். அதை அளந்து போடும் வேலை இருசம்மாளுக்கு வந்தது.

மேல் லயத்துக்காரர்கள் அவளை வாசற்படியில்கூட உட்காரவிட்டதில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை, வெறும் 'ஏய்'தான். அவள் கைச் சோறா என்று இரண்டு நாள் முறுக்கிக்கொண்டார்கள். மூன்றாம் நாள் பசி வந்து பத்தையும் பறக்கடித்தது. தூக்குச்சட்டியோடு அவள் முன்னால் வரிசையில் நின்றார்கள். இருசம்மாளுக்குக் கல்யாணத்தன்றுகூட அப்படியொரு சந்தோஷம் வந்ததில்லை.

பால் டின்னில் சோற்றை அள்ளி, மூங்கில் பட்டையால் தலைதட்டுவாள். ஆளுக்கு இரண்டு டின். கிழவிக்கும் அதே, காளைக்கும் அதே. பெற்றவள் கை மகளுக்கு நீளாமலா இருக்கும் என்று மேல் லயத்துப் பெரியநாயகி முணுமுணுத்தது காதில் விழுந்ததிலிருந்து, மகள் மீனம்மாளின் டின்னை இரண்டு முறை தட்டினாள். தோட்ட ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி கணேசமூர்த்தி வீட்டுச் சட்டிக்கு மட்டும் பட்டை கிடையாது, கோபுரம்தான். அது வேறு கணக்கு என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

மீனம்மாளுக்குக் கைக்குழந்தை. பால் கொடுக்கிறவளுக்கு ஒரு கை கூடப் போடேன் என்று ஒருநாள் கேட்டாள். சமம் என்றால் சமம்தான் என்று வாயை அடைத்துவிட்டாள் தாய். அவளும் ஒரு பெற்றவள்!

காலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனால் பத்து மணிக்கு மீனம்மாளுக்குக் கண் இருட்டும். வேலிக்கு வெளியே ஒரு பருக்கை கொண்டுபோகக் கூடாது. அவளோ முதல்நாள் சோற்றில் ஒரு பிடி மிச்சம் பிடித்து மடியில் முடிந்துகொண்டு போய், கேட்டில் சோதனை போட்டவர்களிடம் அகப்பட்டாள்.

போலீஸ் துரை இருசம்மாளைக் கூப்பிட்டு அனுப்பினார். வழியிலேயே, கூலிகளை வேலை வாங்கும் மண்டோர் வீரப்பன் அவளை மறித்தார்.

"கூடப் போட்டேன்னு சொல்லிடுக்கா. உன் வேலதான் போவும். மிஞ்சுன சோறுன்னு புள்ளய விட்டுருவாங்க லா."

அவளும் தலையாட்டினாள். ஆனால் கேட்டுக்கு முன்னால் மேல் லயமே திரண்டு நின்றது. பெரியநாயகி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகளுக்குக் கூடப் போட்டாயா என்று துரைக்காகக் கிராணி கேட்டதும், வீம்பு முந்திக்கொண்டது.

"தலைதட்டித்தான் போட்டேனுங்க. என் கையில எல்லாரும் சமம்."

துரை கணக்குப் போட்டார். எல்லாருக்கும் ஒரே அளவு. மற்றவர்களுக்கு மிஞ்சவில்லை, இவளுக்கு மிஞ்சியிருக்கிறது. அப்படியானால் அது காட்டுக்காரனுக்கு. கணக்கில் பிழையே இல்லை, பாவிகளா! பால் கட்டிய மார்போடு மீனம்மாளை லாரியில் ஏற்றி மலாக்கா ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள். அவள் தாயைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சாயங்காலம் வரிசையில் பெரியநாயகி சட்டியை நீட்டினாள்.

"உன் கை சத்தியமான கை அக்கா," என்றாள்.

அக்கா! மேல் லயத்து வாயிலிருந்து வரும் அந்த ஒரு வார்த்தைக்குத்தான் இருசம்மாள் ஆயுசு பூராவும் காத்திருந்தாள். அது வந்தபோது அவள் நிமிராமல் டின்னைத் தலைதட்டிப் போட்டாள்.

அடுத்து கிராணி வீட்டுச் சட்டி வந்தது. இருசம்மாள் பட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கோபுரமாக அள்ளிப் போட்டாள். கொட்டகைக்குப் பின்னால் பேத்தி பாலுக்கு அழுதுகொண்டிருந்தது.